டாங்கோவை நடையிலிருந்து தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், இருவர் அணைத்தபடி ஆடும் அர்ஜென்டினா நாட்டு டாங்கோ நடனத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். தர்மபுரியில் காலைக் காபியோடு பேப்பரைப் பிரித்த எனக்கு அதைப் பார்த்ததும் மனசு துள்ளியது. அந்த வார்த்தையைச் சொன்னால் புரிந்துகொள்ள, என்னோடு பழகும் மூன்று பேரைத் தவிர இங்கே ஓர் ஆள் இல்லையே என்று ஆறு வருஷமாக ஏங்கியவள் நான். அதனால் முதலில் என் நன்றி. ஆனால் அதே பக்கத்தின் நடுவில் ‘எட்டே அடிகளில் டாங்கோ’ என்று தலைப்பிட்டு, ஒன்று முதல் எட்டு வரை எண் போட்ட பாதச் சுவடுகளை வரைந்து, வீட்டிலேயே பழகலாம் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் படத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அன்று சாயங்காலம் காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். எதிர் வீட்டு மாடியில், கல்லூரியில் படிக்கும் பெண்ணும் அவள் தோழியும் உங்கள் படத்தைப் பார்த்து சாக்பீஸால் தரையில் எட்டுச் சுவடு வரைந்து வைத்திருந்தார்கள். இரண்டு பேர் காலிலும் ரப்பர் செருப்பு. தலையைக் குனிந்து சுவட்டையே பார்த்தபடி ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு ஆடினார்கள். மூன்றாவது அடியில் ஒருத்தி மற்றவளின் பெருவிரலை நன்றாக மிதித்துவிட்டாள். மறுநாள் பார்த்தால் நகம் கறுத்திருந்தது. “டீச்சர், படத்துல போட்ட இடத்துலதான் கால வச்சேன்” என்றாள் மிதித்தவள், அழாத குறையாக.

அவள் சொன்னது நிஜம்தான். பாதம் கடைசியில் எங்கே விழுந்தது என்பதைச் சுவடு காட்டும். அந்த இடத்துக்கு அது எப்படிப் போனது, உடம்புப் பாரம் எப்போது அதன் மேல் ஏறியது, அதற்குள் எதிரில் நிற்பவரின் கால் விலகிவிட்டதா, இது எதையும் காட்டாது. டாங்கோவில் கற்றுக்கொள்ள வேண்டியதே இந்த மூன்றும்தான்.

இன்னொன்று. நீங்கள் போட்டிருந்த எட்டில் முதல் அடியே, நடத்திச் செல்பவர், அதாவது லீடர், வலது காலைப் பின்னால் வைப்பதாக இருக்கிறது. மிலோங்கா என்று சொல்லப்படும் டாங்கோ கூடல்களில் எல்லா ஜோடிகளும் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில், கூடத்தைச் சுற்றி ஒருவர் பின் ஒருவராக நகர்கிறார்கள். நெரிசலான கூடத்தில் பின்னால் பார்க்காமல் ஓர் அடி பின்வைத்தால் பின்னே வரும் ஜோடியின் மேல்தான் மோத வேண்டும். இந்தக் காரணத்துக்காகவே பல ஆசிரியர்கள் அந்த முதல் அடியை விட்டுவிட்டுத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நான் 31 வருஷம் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்த்தவள். ஓய்வு பெற்றதும் பேத்தியைப் பார்த்துக்கொள்ள பெங்களூரில் மகள் வீட்டில் கொஞ்ச நாள் இருந்தேன். மகள் சனிக்கிழமைதோறும் டாங்கோ வகுப்புக்குப் போவாள். ஒரு வாரம் வகுப்பில் ஆள் குறைகிறது என்று என்னையும் கூப்பிட்டாள். “சும்மா வந்து நட, அது போதும்மா” என்றாள். அப்படிப் போய்ச் சேர்ந்ததுதான். தர்மபுரிக்குத் திரும்பிய பிறகும் மாதம் இரண்டு சனிக்கிழமை ஓசூர் வழியாக ரயிலில் போய் வருகிறேன்.

முதல் நாள் வகுப்பு ஒரு மணி நேரமும் நடைதான். ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு, அங்கிருந்து மறுபடி இங்கே. எத்தனை குடியரசு தின அணிவகுப்புக்குப் பிள்ளைகளைத் தயார் செய்திருப்பேன், எனக்கு நடக்கச் சொல்லித் தருகிறார்களே என்று உள்ளுக்குள் சுருக்கென்றது. பத்து நிமிஷத்தில் அது போய்விட்டது. நான் சொல்லிக்கொடுத்த அணிநடையில் கால் வீசிக்கொண்டு முன்னே போகும், குதிகால் தரையில் அறையும், உடம்பு அதன் பின்னால் வந்து சேரும். ஒவ்வொரு அடியிலும் ஒரு சின்ன விழுதல் இருக்கிறது. தனியாக நடக்கும்போது அதனால் ஒன்றுமில்லை. மார்போடு மார்பாக இன்னொருவர் இருக்கும்போது அந்த விழுதல் முழுக்க அவர் மேல் இறங்குகிறது.

டாங்கோ நடையில் ஓர் அடியை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலில், பாரம் இல்லாத கால் இடுப்பிலிருந்து நீளுகிறது. பாதம் தரையைத் தடவிக்கொண்டே போகும், ஆனால் பாரம் ஒரு துளியும் அதில் இருக்காது. அடுத்து, நிற்கும் கால் முழங்காலில் லேசாக மடிந்து, தரையைப் பின்னால் தள்ளி, உடம்பை அந்தப் புதுக் காலின் மேல் கொண்டு போய் நிறுத்துகிறது. உடம்பை நகர்த்துவது நிற்கும் கால்தான் என்பது எனக்குப் புரியவே மூன்று மாதம் ஆனது. கடைசியாக, பின்னால் தங்கிய கால் கணுக்காலோடு கணுக்கால் உரசும்படி வந்து சேர்கிறது. சேர்ந்த காலில் பாரம் கிடையாது. அடுத்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகத் தயாராக அது நிற்கும். இந்தச் சேர்த்தலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கால் அகன்றபடியே நடந்தால் உடம்பு இடமும் வலமுமாக ஆடும், கூட ஆடுபவருக்கு எந்தக் கால் என்றே தெரியாமல் போகும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஓர் அடி வைத்து நில்லுங்கள். பின்காலைத் தரையிலிருந்து அரை அங்குலம் தூக்குங்கள். உடம்பு அசையாமல் தூக்க முடிந்தால் அடி முடிந்தது. தூக்கும்போது உடம்பு முன்னால் சாய வேண்டியிருந்தால் பாதிப் பாரம் இன்னும் பின்காலிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. நான் வீட்டில் பீரோ கண்ணாடி முன்னால் நின்று இதை எத்தனை நூறு தடவை செய்திருப்பேனோ தெரியாது.

இதை எழுதும்போது என் அம்மா நினைவு வருகிறது. பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் வீட்டுக்குக் குடிதண்ணீர் முக்கால் மைல் தூரத்துக் கிணற்றிலிருந்துதான் வரும். அம்மா தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் வைத்துக்கொண்டு கல்லும் முள்ளுமான ஒற்றையடிப் பாதையில் இறங்குவாள். பாதம் முதலில் போய்க் கல்லைத் தொட்டுப் பார்க்கும். ஆடாத கல் என்று பாதத்துக்குத் தெரிந்த பிறகுதான் பாரம் அதன் மேல் ஏறும். ஆடினால் பாதம் சத்தமில்லாமல் விலகிப் பக்கத்துக் கல்லுக்குப் போகும். தலைக்குடத்தில் தண்ணீர் தளும்பாது. முழங்கால் எப்போதும் கொஞ்சம் தளர்ந்தே இருக்கும், கண் எப்போதும் எதிரே இருக்கும். பெங்களூர் வகுப்பில் “தலை உயரம் மாறாமல் நடங்கள், பாதம் முதலில் இடத்தைக் கேட்கட்டும்” என்று ஆசிரியர் சொன்னபோது, குடத்தோடு இறங்குகிற அம்மாவின் முதுகுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்துதான் எனக்கு இந்த நடை வர ஆரம்பித்தது.

குதிகால் முதலில் ஊன்ற வேண்டும் என்று உங்கள் கட்டுரையில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். முன்னோக்கி நடக்கும்போது குதிகாலின் ஓரத்தை முதலில் வைத்து உருட்டி இறக்குபவர்களும் உண்டு, முன்பாதத்தை முதலில் வைப்பவர்களும் உண்டு. இரண்டிலும் தேர்ந்த ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். எதில் தொடங்கினாலும் கணுக்கால் இறுக்கமில்லாமல் இருந்து, பாதம் சத்தமில்லாமல் இறங்கி, பாரம் முழுதாகப் போய்ச் சேர வேண்டும். கால் விரல்கள் கொஞ்சம் வெளிப்பக்கம் பார்த்தபடி, குதிகால்கள் ஒட்டியபடி சேர்ந்தால் நிற்க உறுதியாக இருக்கும்.

பின்னோக்கி நடப்பதைக் கட்டுரை தொடவே இல்லை. ஃபாலோயர், அதாவது லீடரைப் பின்பற்றி ஆடுபவர், பாதி நேரம் பின்னால்தானே நடக்கிறார்! கால் இடுப்பிலிருந்து பின்னால் நீண்டு, பெருவிரலின் உட்பக்கம் முதலில் தரையைத் தொட்டு, முன்பாதம் படிந்து, உடம்பு வந்து சேரச் சேரக் குதிகால் கடைசியாக இறங்கும். குதிகாலை அவசரமாக இறக்கினால் உடம்பு பின்னால் விழும். காலை நீட்டாமல் குறுகலாக வைத்தால் லீடருக்கு நடக்க இடமே இருக்காது. எதிர் வீட்டுப் பெண்ணின் நகம் கறுத்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். அவள் கால் இன்னும் அங்கேயே இருந்தது.

மீதிக் காரணம் மிதித்தவளுடையது. அவள் காலை முதலில் அனுப்பினாள். லீடரின் மார்பு முதலில் நகர வேண்டும், ஒரு கண் இமைக்கும் நேரம் முன்னால். அந்த அசைவு அணைப்பின் வழியாக எதிரில் இருப்பவருக்குப் போய்ச் சேர்கிறது, அவர் கால் பின்னால் நீளுகிறது, அவர் காலி செய்த இடத்தில் லீடரின் பாதம் போய் இறங்குகிறது. அணைப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். உங்கள் கட்டுரையின் கடைசி வரியில், இது நம் ஊர்ப் பக்கம் துணிச்சல்காரர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தது எனக்கு வலித்தது. டாங்கோ பிறந்த, அர்ஜென்டினாவின் தலைநகரமான புவனஸ் அயர்ஸிலேயே அந்தக் காலத்தில் ஆண்கள் ஆண்களோடு ஆடித்தான் பழகினார்கள். நன்றாக நடக்க வந்த பிறகுதான் ஒரு பெண்ணை ஆடக் கூப்பிடுவார்கள். எங்கள் தெருவில் நான்கு பெண்கள் என் வீட்டு முன்கூடத்தில் செவ்வாயும் வெள்ளியும் பழகுகிறோம். ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து, மாறி மாறி லீடராக நடக்கிறோம். ஒருவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார், ஒருவர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறார். இதில் துணிச்சலுக்கு என்ன வேலை?

முன்கூடத்தில் கிருஷ்ணகிரிக் கிரானைட் போட்டிருக்கிறது. வழவழப்பாக, பாதம் திரும்ப வசதியாக இருக்கும். மொட்டை மாடிச் சிமென்டுத் தரையும் ரப்பர் செருப்பும் சேர்ந்தால் ஆபத்து. உடம்பு திரும்பும், பாதம் தரையைப் பிடித்துக்கொள்ளும், முறுக்கம் முழுக்க முழங்காலில் விழும். டாங்கோ ஷூவுக்கு அடிப்பாகம் தோலில் இருப்பது இதற்காகத்தான். நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கும் ஒருவரிடம் என் பழைய கான்வாஸ் ஷூவைக் கொடுத்து அடியில் மெல்லிய தோல் ஒட்டி வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். நடக்க என்றேன். அதுவும் இல்லையென்றால் வழவழப்பான தரையில் கெட்டியான சாக்ஸ் போட்டுக்கொண்டு மெதுவாகப் பழகலாம், பிடிமானத்துக்குச் சுவர் பக்கத்தில். தரையில் கையகலத்துக்கு ஒரு கோடு போட்டு இரண்டு பாதமும் அதற்குள்ளேயே போய்வரும்படி நடந்தால் கால் தானாகச் சேரப் பழகும். மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் ஓடுபாதை போட்ட கை, எனக்கு இது பிடித்த வேலை.

பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார்லோஸ் டி சார்லி என்ற அர்ஜென்டினா இசைக்கலைஞரின் குழு வாசித்த டாங்கோக்களைத்தான் நடை பழகுபவர்களுக்குப் போடுவது வழக்கம். நான்கு எண்ணிக்கையில் ஒன்றும் மூன்றும் கனமாக, தெளிவாக விழும். அவற்றில் அடி வைத்தால் போதும். ஒன்றில் மட்டும் வைத்துவிட்டு மீதி மூன்றையும் உடம்பு மெல்ல நகர்வதற்கே கொடுத்துவிட்டால் நடை வேறு மாதிரி ஆகிவிடும். நின்றும் விடலாம். பாண்டோனியன் என்ற துருத்தி வாத்தியம் மூச்சு இழுத்து விடுகிற வரைக்கும் ஒரு காலில் நிற்பது, எனக்கு இந்த ஆட்டத்திலேயே மிகப் பிடித்த இடம்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். புவனஸ் அயர்ஸில் 2003 முதல் உலக டாங்கோ போட்டி நடக்கிறது. மேடை டாங்கோவுக்கு ஒரு பிரிவு, கூடத்தில் ஆடும் டாங்கோவுக்கு ஒரு பிரிவு. உங்கள் பக்கத்தில் வந்த புகைப்படத்தில் இருந்த, காலைத் தலை உயரம் தூக்குகிற வகையெல்லாம் மேடைக்கு உரியது. கூடத்தில் ஆடும் பிரிவில் இசை ஓடும்போது ஜோடி பிரியக் கூடாது, குதிக்கக் கூடாது. நடுவர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை என்று அதன் விதிகள் சொல்வது இசையோடு இயைவது, ஜோடிக்குள் இருக்கும் இணக்கம், நடையின் அழகு. 2009-ல் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் டாங்கோவைச் சேர்த்ததை எழுதியிருந்தீர்கள். நடையையும் எழுதியிருந்தால் அந்தப் பட்டியலில் சேர்ந்தது எது என்று படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியாக என் அண்ணனைப் பற்றி. அவருக்கு எழுபத்திரண்டு வயது, பாப்பிரெட்டிப்பட்டியில் விவசாயம் பார்த்தவர். பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் வந்து நான்கு வருஷமாகிறது. இப்போது எங்களோடு இருக்கிறார். வீட்டுக்குள் மெதுவாக நடப்பார். வாசற்படிக்கு வந்ததும் கால் அப்படியே நின்றுவிடும். “தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி இருக்கும்மா” என்பார். பின்னாலிருந்து யாராவது ‘நட, நட’ என்று அவசரப்படுத்தினால் இன்னும் இறுகும். ஒருமுறை அப்படித்தான் முன்னால் விழுந்து நெற்றியில் நான்கு தையல்.

அதன் பிறகுதான், அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மேடலின் ஹாக்னி, காமன் எர்ஹார்ட் என்ற ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி மகள் எனக்குச் சொன்னாள். பார்க்கின்சன் உள்ளவர்களில் ஒரு குழுவுக்கு டாங்கோவும், இன்னொரு குழுவுக்கு வால்ட்ஸ், ஃபாக்ஸ்டிராட் என்ற மேலைநாட்டு ஜோடி ஆட்டங்களும் வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். ஆடாத ஒரு குழுவும் இருந்தது. ஆடிய இரண்டு குழுக்களுக்கும் உடம்பின் சமநிலை கூடியது, பின்னோக்கி வைக்கும் அடியின் நீளமும் கூடியது. டாங்கோ குழு மற்ற ஆட்டக் குழுவுக்குக் குறையாமல், சிலவற்றில் அதைவிடக் கூடுதலாகவே முன்னேறியது. எனக்கு ஆச்சரியமாக இல்லை. தொடங்குவது, நிற்பது, பாரத்தை மாற்றுவது, பின்னால் நடப்பது, டாங்கோ முழுக்க இதுதானே!

மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டுக்கொண்டு அண்ணனோடு பழக ஆரம்பித்தேன். வாசற்படியில் அவருக்கு எதிரே நிற்பேன். அவர் இரண்டு கையும் என் தோளில். என் இரண்டு கையும் அவர் முழங்கைக்குக் கீழே. அண்ணன் மகன் பின்னால் தயாராக நிற்பான். அடி வைக்கச் சொல்ல மாட்டேன். இடது காலுக்குப் பாரம், வலது காலுக்குப் பாரம், மறுபடி இடது காலுக்கு என்று இருவரும் சேர்ந்து நின்ற இடத்திலேயே மெல்ல அசைவோம். மூன்றாவது, நான்காவது அசைவில் அவர் வலது கால் இலேசாவதை என் தோளிலேயே உணர்வேன். அந்த நொடி என் மார்பு பின்னால் போகும், என் கால் பின்னால் நீளும், அவர் பாதம் நான் காலி செய்த இடத்துக்கு வரும். அடுத்த அடி தானாக வரும். முற்றத்து வேப்பமரம் வரைக்கும் அப்படியே போவோம். நோய் குறையவில்லை, மாத்திரையும் குறையவில்லை. ஆனால் வாசற்படியைப் பார்த்தால் அவருக்கு முன்போல் பயமில்லை. இந்த எட்டு மாதத்தில் அவர் விழவும் இல்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். டாங்கோவைப் பற்றி மறுபடியும் எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். அப்போது எண் போட்ட சுவடுகளுக்குப் பதிலாக ஒரே ஓர் அடியைப் படமாகப் போடுங்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு பேரின் நான்கு கால்கள் தெரிந்தால் போதும். மூன்று படம் வரிசையாக: கால் நீண்டு பாரம் இன்னும் ஏறாமல் இருப்பது, பாரம் நடுவழியில் இருப்பது, கணுக்கால்கள் சேர்ந்து நிற்பது. பக்கத்தில் தரையும் செருப்பும் எப்படி இருக்க வேண்டும் என்று இரண்டு வரி. படம் எடுக்க ஆள் அனுப்பினால் எங்கள் வீட்டு முன்கூடம் இருக்கிறது, நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். எதிர் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் இந்த வெள்ளிக்கிழமையிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
தர்மபுரி.